ஓக் மரத்தடியில் நாலு அங்குலம்

ஏப்ரல் 16, செவ்வாய்

இந்தப் பருவத்தின் முதல் போலீஸ் கார் இன்று வந்தது. போன வருஷம் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. இந்த வருஷம் ஒரு வாரம் தாமதம். குளிர்தான் காரணமாக இருக்கும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு, நாலு மணிக்குள் லிண்டன் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தேன். காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர், இடுப்பில் குப்பைப் பை. குழந்தைகள் ஊஞ்சலில் இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. பிக்னிக் மேஜைகளுக்குப் பின்னால், பெரிய ஓக் மரத்தின் பக்கமாக, மண்ணுக்குள் உலோகம் இருக்கிறது என்று ஹெட்போனில் ஒரு நல்ல சத்தம் கிடைத்தது. முழங்கால் போட்டுத் தோண்டி, எடுத்து, மூடி, எழுந்தபோது பின்னால் கார் நிற்கிறது.

என் வலது கை ஆட ஆரம்பித்தது. நான்கு வருஷம் ஆகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக, இப்போது காரிலிருந்து இறங்கும் இதே கோரி பெஷெக்தான் என்னை அந்தக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. நான் மறந்தாலும் கை மறக்கமாட்டேன் என்கிறது.

(பெஷெக் எட்டு வயதில் என் முன்னால் தட்டை நீட்டி, "உருளைக்கிழங்கு இன்னொரு கரண்டி" என்று கேட்ட பயல். அந்த நினைப்பு வரும்போது 'அவன்'. சீருடையைப் பார்த்தால் தானாக 'அவர்' ஆகிவிடுகிறது.)

"நல்லாருக்கீங்களா, மிஸஸ் குச்செரா? போன் வந்துச்சு."

"யாருன்னு நான் கேக்கமாட்டேன்."

"நானும் சொல்லமாட்டேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம் செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தோம். திரை சட்டென்று மூடியது. ஆர்டித் வாஸ்லர், வயது எழுபத்தெட்டு. பைனாகுலர் வைத்திருக்கிறாள். கழுத்தைவிட்டு அதை இறக்கி யாரும் பார்த்ததில்லை.

வழக்கமான சடங்கு. பார்க்கில் தோண்ட நகராட்சி கொடுத்த அனுமதி அட்டையைக் காட்டினேன். கேட்பதற்கு முன்பே குப்பைப் பையைத் துணியில் கொட்டினேன்: பீர் டின்னின் வளையங்கள் பதினொன்று, நசுங்கிய மூடி ஒன்று, பொம்மைக் கார் சக்கரம், ஒரு கால் டாலர். ஊரில் எத்தனை பேர் குடித்த டின்களோ. அதில் சில நான் குடித்ததாகவும் இருக்கலாம்.

"எங்க தோண்டினீங்க?"

"உங்க பூட்ஸுக்குக் கீழ."

அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். புல்தான் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வயதில் ஒரு மனுஷிக்குப் பெருமைப்பட இது போதும்.

ஏப்ரல் 27, சனி

கார் மறுபடி. இன்றைக்கு ஓக் மரத்திலிருந்து நாற்பதடி தள்ளி நின்றேன்.

வீட்டில் என் புருஷன் வெர்ன் சொல்கிறான், "அந்தக் கெழவிக்கு நீதான் டிவி." இருக்கலாம். ஆனால் ஒன்று கவனித்தேன். ஆற்றோரத்தில் நின்று மணிக்கணக்காகத் தோண்டினாலும் போன் போவதில்லை. ஓக் மரத்தின் பக்கம் ஓர் அடி வைத்தால் பத்தே நிமிஷத்தில் பெஷெக் வந்துவிடுகிறார். மரத்துக்கும் அவளுக்கும் என்ன?

மே 9, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பிறகு மனசு மாற்றிச் சொல்லும்.

மழை பெய்து மண் இளகியிருந்தது. இன்று நேராக ஓக் மரத்தடிக்கே போனேன். வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷமாக ஒரு பொம்பளை என்னைப் போலீஸை விட்டுத் துரத்தினால் எனக்கும் ரோஷம் இருக்காதா?

மரத்துக்குத் தெற்கே ஐந்தாவது அடியில் சத்தம். டின் வளையத்துக்கு வரும் அதே மட்டமான சத்தம். சோம்பேறியாக இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தை விட்டு, பெட்டி மூடியைத் திறப்பது போலப் புரட்டிவைத்தேன். மண்ணைத் துணியில் அள்ளிப் போட்டேன். நாலு அங்குலத்தில் ஒரு தட்டையான கல். கல்லின் மேல் நாயின் கழுத்துப் பில்லை.

தொலைந்த பொருள் மண்ணுக்குள் நேராகப் படுக்காது. சாய்ந்து, செருகி, தலைகீழாகத்தான் கிடக்கும். நாலு வருஷமாகத் தோண்டுகிறேன், எனக்குத் தெரியும். இது மட்டமாக, பெயர் மேலே தெரிய, கல்லுக்கு நடுவில் இருந்தது. யாரோ கையால் வைத்தது.

டஃபி. வாஸ்லர். கீழே போன் நம்பர்.

ஞாபகம் வந்துவிட்டது. குட்டைக் கால், பழுப்பு நிறம். ஆர்டித்தும் அவள் புருஷன் ஆர்வலும் தினமும் இந்த மரம்வரை நடத்திக் கூட்டிவருவார்கள். பிறகு நாயைக் காணோம். அப்புறம் ஆர்வலையும் காணோம், அவன் செத்து மூன்று வருஷம். மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கொல்லை ஏது? பார்க்கில் புதைக்கக் கூடாது என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. விஷயம் தெரிந்தால் அபராதத்தோடு விடமாட்டார்கள், தோண்டி எடுத்துவிடுவார்கள்.

தலையைத் தூக்கினேன். ஜன்னலில் பைனாகுலர் கண்ணாடி பளபளத்தது. திரை மூடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான் அவளுக்கு. வலிக்கிறது, வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அத்தனை போன்.

பில்லையை இருந்தபடியே வைத்தேன். அதே கல், அதே பக்கம் மேலே. மண்ணைத் தூவி, புல்லைத் திருப்பிப் படுக்கவைத்து, முழங்காலால் அழுத்தி, தண்ணீர் ஊற்றி, விரலால் கோதிவிட்டேன். கோதி முடிக்கவில்லை, பின்னால் கார்.

"என்னமோ உள்ள வெச்சீங்களே. என்னது?"

"மண்ணு."

"மண்ணுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

போலீஸ்காரரிடம் பொய். நான்கு வருஷத்தில் முதல் பொய். கை ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. பெஷெக் பாட்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பாட்டிலை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மே 14, செவ்வாய்

கடிதம் வந்திருக்கிறது. பார்க் மேற்பார்வையாளர் ஹார்ம்ஸ் கையெழுத்து. ஓக் மரத்தைச் சுற்றிப் பதினேழு இடத்தில் புல் பிய்த்துப் போடப்பட்டிருக்கிறதாம். என் அனுமதி நிறுத்திவைப்பு. ஜூன் பத்தாம் தேதி பார்க் குழுவின் முன் ஆஜராக வேண்டும். அட்டையை ரத்து செய்வதா என்று அன்று முடிவு.

பதினேழு ஓட்டை! நானா?

போய்ப் பார்த்தேன், கருவி இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு. புல் சுருட்டிச் சுருட்டிக் கிடக்கிறது. இப்படித் தோண்டுகிறவளாக இருந்தால் என் கையை நானே வெட்டிக்கொள்வேன். டஃபியின் இடத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

மே 15, புதன்

நாலு மணி.

மே 16, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து, வெர்ன் தானியக் கிடங்கிலிருந்து திரும்பும்வரை, நாலிலிருந்து ஆறுவரை குடிப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான். குடியை விட்டபோது அந்த இரண்டு மணிநேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதில் வைத்து அடைக்க எனக்குக் கிடைத்தது இந்தக் கருவிதான். அட்டை போனால் ஒரு பொழுதுபோக்குப் போகிறது என்று ஹார்ம்ஸ் நினைக்கிறார். எனக்கு நாலு மணி திரும்பி வருகிறது.

அடுத்த ஊர் பார்க்குக்குப் போகலாமே என்கிறான் வெர்ன். அங்கே தோண்டவே விடமாட்டார்கள். வயல்களிலோ விதைப்பு முடிந்துவிட்டது.

மே 24, வெள்ளி

மாற்றுவழியில் வீட்டுக்கு வந்தேன். சாராயக் கடை இல்லாத வழி. பதினோரு நிமிஷம் அதிகம்.

ஜூன் 1, சனி

பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இப்போது நாள் முழுக்க நாலு மணி.

ஆர்டித் வீட்டுக் கதவைப் போய்த் தட்டலாமா? "நீங்க பாத்ததை வந்து சொல்லுங்க" என்று கேட்கலாமா? கட்டட வாசல்வரை போனேன். அழைப்பு மணியில் அவள் பெயருக்குக் கீழே ஆர்வலின் பெயர் இன்னும் இருக்கிறது. நான் போய் நின்றால் என்ன நினைப்பாள்? மிரட்ட வந்திருக்கிறாள் என்றுதான். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

பெஷெக் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை. பாப்பி விதை வைத்த கொலாச்சி ரொட்டி இரண்டு சாப்பிட்டார். இன்னும் அதே பசி.

"போன மாசம் ஒம்பதாம் தேதி நான் பாத்ததை எழுதிக் குடுக்கச் சொல்லிருக்காங்க. எழுதாம இருக்க முடியாது. என்ன வெச்சீங்கன்னு சொல்லிட்டா அதையும் சேத்து எழுதிருவேன், பிரச்சினை முடிஞ்சிரும்."

நான் ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"அன்னிக்கு ரோட்டுல உங்க காரை நிறுத்தினேனே. எவ்வளவு குடிச்சீங்கன்னு கேட்டேன். ரெண்டு பீருன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நீங்க மட்டும், 'மதியத்துலேர்ந்து குடிக்கறேன் கோரி, எண்ணல'ன்னீங்க. இந்த வேலைல அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்ல. அதனால சொல்றேன், உங்களுக்குப் பொய் வரல. விட்டுருங்க."

என்னத்தைச் சொல்வேன்? சொன்னால் அது காகிதத்தில் ஏறும். காகிதம் ஹார்ம்ஸிடம் போகும். ஹார்ம்ஸ் மண்வெட்டியோடு மரத்தடிக்குப் போவார்.

"எழுதுங்க கோரி. நான் சொல்லமாட்டேன்."

அவன் போனபிறகு வெர்ன் மெதுவாகக் கேட்டான். "பாபி, மறுபடி ஆரம்பிச்சிட்டியா? பாட்டிலையா அங்க பொதைச்சு வெச்சிருக்கே?"

கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். நான்கு வருஷம் முன்னால் நான் அதைத்தான் செய்திருப்பேன். கோரியும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், வாய்விட்டுக் கேட்கவில்லை. வெர்னிடம் மட்டும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். பிறகு, "நாய்க்காகவா?" என்றான். "நாய்க்காகத்தான்" என்றேன். எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தான். முப்பத்திரண்டு வருஷத்தில் அவன் போட்ட மூன்றாவது காபி. குடிக்க முடியவில்லை, ஆனாலும் குடித்தேன்.

ஜூன் 10, திங்கள்

கைவலிக்க எழுதப்போகிறேன்.

நகராட்சிக் கட்டடத்தின் சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் குழு, ஐந்து பேர். தலைவி மருந்துக்கடை ஜோலின் பிக்கெட். முதலில் நீச்சல் குளத்துப் பெயின்ட் நிறத்துக்கு முக்கால் மணிநேரம் சண்டை. அதன் பிறகு நான்.

ஹார்ம்ஸ் படங்களைக் காட்டினார். பதினேழு ஓட்டைக்கும் பதினேழு படம். மனுஷர் கெட்டவர் இல்லை. புல் மேல் உயிரை வைத்திருக்கிறார். "என்னோட ஓட்டை கண்ணுக்கே தெரியாதே" என்றேன். "தெரியாத ஓட்டையை நான் எப்படிப் படம் எடுக்கறது?" என்றார். இத்தனை வருஷம் சுத்தமாக வேலை செய்து, சுத்தத்துக்குச் சாட்சியே இல்லாமல் பண்ணிக்கொண்டேன்.

பெஷெக் தன் அறிக்கையைப் படித்தார். 'ஒரு பொருளை மண்ணுக்குள் வைத்து மூடியதைப் பார்த்தேன். கேட்டபோது ஒன்றுமில்லை என்றார்.' தலை நிமிராமல் படித்தார்.

"பாபி, என்னத்தை வெச்சே?" என்றாள் ஜோலின்.

"என்னோடது இல்ல. அதனால சொல்ல எனக்கு உரிமையில்ல."

"சொல்லலேன்னா அட்டையை ரத்து பண்றதைத் தவிர எங்களுக்கு வழியில்லம்மா."

"சரி."

அந்த 'சரி' எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. மேஜைக்கடியில் இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பின்னால் சக்கரம் வைத்த நடைவண்டி கிறீச்சிடும் சத்தம். ஆர்டித் வாஸ்லர். மாடியிலிருந்து இறங்கி, தெருவைத் தாண்டி, இரண்டு தெரு நடந்து வந்திருக்கிறாள். கழுத்தில் பைனாகுலர்.

"போன் பண்றவ நான்தான்" என்றாள். "ரெண்டு வருஷத்துல முப்பத்தொரு தடவ. அந்தப் பையனைக் கேளுங்க."

பெஷெக், "முப்பத்திநாலு, மேடம்" என்றார்.

"சரி, முப்பத்திநாலு. இந்தப் பொம்பளைய நான் பாத்த மாதிரி அவ புருஷன்கூடப் பாத்திருக்கமாட்டான். இவ மூஞ்சி எனக்குப் புடிக்காது, அது வேற. ஆனா ஓட்டை இவ போடல. ரக்கூன் போடுது. மரத்துலேர்ந்து எறங்கி, வண்டுப் புழு தின்ன, பாயைச் சுருட்டற மாதிரி புல்லைச் சுருட்டுது. தெனம் காலைல விடியறப்ப. தாயும் மூணு குட்டியும். அதுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன். ரக்கூனுக்கெல்லாம் போலீஸ் வராதுன்னுட்டாங்க."

பெஷெக்கின் காது சிவந்தது.

"அப்ப இவங்க மண்ணுல வெச்சது?" என்றார் ஹார்ம்ஸ்.

ஆர்டித் நடைவண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஆடியது. அதை நான் பார்த்தேன்.

"என் நாயோட பில்லை. ஆர்வலும் நானும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி பொதைச்சோம். விடியறதுக்குள்ள, திருடங்க மாதிரி. கல்லு நட்டா தெரிஞ்சிரும்னு பில்லையைப் புல்லுக்கடில வெச்சோம். இவ எடுத்துருவான்னுதான் இத்தனை போனும். எடுத்தா. படிச்சா. நேரா என்னைப் பாத்தா. அப்புறம் இருந்த மாதிரியே வெச்சு, தலை சீவி விடற மாதிரி புல்லைக் கோதிவிட்டா. அதைப் பாத்துட்டும் ஒரு மாசம் நான் வாயைத் தெறக்கல. அபராதம் போட்டுக்குங்க. நாயை மட்டும் எடுக்காதீங்க."

ஜோலின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஹார்ம்ஸ், அந்த எடத்துல புல்லு எப்படி இருக்கு?"

ஹார்ம்ஸ் படங்களைப் புரட்டினார். நிஜமாகவே தேடினார், பாவம். "நல்லாதான் இருக்கு" என்றார் கடைசியில். "அங்கதான் ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப தொட வேண்டாம். பாபியோட அட்டையைத் திருப்பிக் குடுங்க. ரக்கூனுக்கு யாராவது ஒரு வழி பண்ணுங்க. அடுத்தது என்ன?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கமே இல்லாத அழுகை. ஒரு மாசமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. வெர்ன் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தட்டினான், மாட்டைத் தட்டுவது போல. பெஷெக் வந்து நின்றார்.

"சொல்லிருக்கலாமே, மிஸஸ் குச்செரா. நான் எழுதிருக்கமாட்டேன்."

"நீ எழுதிருப்ப கோரி. அதான் நீ."

யோசித்துவிட்டு, "எழுதிருப்பேன்" என்றான்.

ஆர்டித் எங்களைக் கடந்து போனாள். நன்றி சொல்ல எழுந்தேன். "ஒக்காரு, ஒக்காரு" என்று சொல்லிவிட்டு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

நாலு மணிக்கு ஆற்றோரம். டின் வளையம் ஒன்பது. எவ்வளவு அழகான ஒன்பது வளையங்கள்.

ஜூன் 28, வெள்ளி

ஹார்ம்ஸ் புழுவுக்கு மருந்து போட்டிருக்கிறார். தோண்டியபோது நான் பார்த்த புழுக்களை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். "இனிமே எங்க பாத்தாலும் சொல்லுங்க" என்றார்.

ஜூலை 18, வியாழன்

சாயங்காலம் ஓக் மரத்துக்குத் தள்ளியே நின்று தேடிக்கொண்டிருந்தேன். ஆர்டித் நடைவண்டியோடு புல்லில் தத்தித் தத்தி வந்தாள்.

"அந்த மிஷினு, அது பக்கத்துல போனா என்ன சத்தம் போடும்?"

ஹெட்போனைக் கழற்றி அவள் வெள்ளைத் தலையில் மாட்டினேன். மரத்துக்குத் தெற்கே ஐந்தடி. கருவியைப் புல்லின் மேல் மெதுவாக வீசினேன். எனக்குக் கேட்கவில்லை, அவள் முகத்தில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுவா?"

"பில்லையோட சத்தம்."

"டஃபி கொரல் இவ்வளவு மட்டமா இருக்காது. கணீர்னு இருக்கும்." ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றாள்.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. தோள் வலிக்கும்வரை. பிறகு பின்னால் கார் வந்து நின்றது.

"போன் வந்துச்சு" என்றார் பெஷெக். "ரெண்டு பொம்பளைங்க மரத்தடில எதையோ கிளறிக்கிட்டு இருக்காங்கன்னு."

ஆர்டித் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினாள். "எவ போன் பண்ணது? சிலபேருக்கு வேற வேலையே கெடையாது."

பெஷெக் என்னைப் பார்த்தார். நான் ஓக் மரத்தைப் பார்த்தேன். சிரித்தால் தொலைந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஏதாவது தோண்டினீங்களா?"

"இல்ல."

"சரி" என்றார். ஆனால் காருக்குத் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார், நான் இன்னொரு தடவை கருவியை வீசி முடிக்கும்வரை.

அவர் போனபிறகுதான் கையைப் பார்த்தேன். ஆடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை. நாலு மணி எப்போது வந்து போனது என்று எனக்குத் தெரியவே இல்லை.